திரையில் பார்த்த வெடிப்புகளில் எது இன்னும் உங்களை விடவில்லை?

இரவுக்காட்சி:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை நாலாவது தடவையாகப் பார்த்தேன். 1953-இல் வந்த பிரெஞ்சுப் படம், இயக்கியவர் ஆன்றி-ஜார்ஜ் க்ளூசோ. தீப்பிடித்த எண்ணெய்க் கிணற்றை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும், சின்ன அதிர்வுக்கே வெடித்துவிடுகிற திரவம் அது. அதை இரண்டு லாரிகளில் ஏற்றி மோசமான பாதையில் கொண்டுபோக நாலு பேர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு பள்ளத்தில் சக்கரம் வேகமாக இறங்கினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டாவது லாரியில் மரியோ வண்டி ஓட்டுகிறான், பக்கத்தில் ஜோ சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான். தாளில் புகையிலையைப் பரப்பி, விரலால் ஒதுக்கிச் சமன் செய்கிறான். சட்டென்று தாளில் இருந்த புகையிலை முழுவதும் பறந்துபோகிறது. யாரும் ஊதவில்லை. ஒரு வெளிச்சம் அடிக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் புகை மட்டும்தான். முன்னால் போன லாரியும் அதில் இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

லாரி வெடிப்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்டவே இல்லை. ஆனால் நான் பார்த்த அத்தனை வெடிப்புகளிலும் இதுதான் எனக்கு முதல் இடம். வெறும் தாளைப் பிடித்தபடி நிற்கும் அந்த விரல்கள் போதும். வெடிப்பின் அளவுக்கும் அது மனதில் தங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் எண்ணம். உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள். கதை முடிவுகள் வெளியே வரும், படம் பார்க்காதவர்கள் பார்த்து வாசியுங்கள்.

பெருந்திரை:
நல்ல இழை. ஆனால் "சம்பந்தமே இல்லை" என்பதை நான் ஏற்க மாட்டேன் இரவுக்காட்சி. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) படத்தின் பாலம் சின்னதாக இருந்திருந்தால் அந்த முடிவுக்கு அத்தனை கனம் இருக்குமா? இயக்குநர் டேவிட் லீன் அந்தப் பாலத்தை இலங்கையில் கித்துல்கலை பக்கம் களனி ஆற்றின் மேல் நிஜமாகவே கட்டினார். நிஜ ரயிலை அதன் மேல் ஓடவிட்டு, நிஜமாகவே தகர்த்தார்.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1957 மார்ச்சில் முதல் முயற்சி. பிரதமர் பண்டாரநாயக்கவும் பெரிய மனிதர்களும் பார்க்க வந்திருந்தார்கள். ஒவ்வொரு கேமராக்காரரும் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் சமிக்ஞை தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரிடமிருந்து மட்டும் வரவில்லை. லீன் வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். ரயில் அதற்குள் கிளம்பியிருந்தது. வெடிக்காத பாலத்தைத் தாண்டி ஓடி, மறுகரையில் இருந்த ஜெனரேட்டரில் போய் மோதியது. அதைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்துதான் அடுத்த முயற்சியில் நாம் பார்க்கிற காட்சியை எடுத்தார்கள். ஓர் ஆளின் உயிருக்காக மொத்தக் காட்சியையும் கைவிடத் துணிந்தாரே, அதற்காகவே எனக்கு அந்தப் படத்தின் மேல் தனி மரியாதை.

இன்னொன்று, பியர் பூல் எழுதிய மூல நாவலில் அந்தப் பாலம் தகராது. படத்தில் தகர்கிறது. தகர்த்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருக்கும் பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் தன் உயிரைப் போல நினைத்துக் கட்டிய பாலம் அது. எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்துபோய்க் கட்டியது. மரமும் இரும்பும் ஆற்றில் சரிகிறபோது அந்த மனிதரின் பைத்தியமும் சேர்ந்து சரிகிறது. அதற்கு அந்த உயரமும் நீளமும் வேண்டும்.

தோட்டாக்காரர்:
நான் சினிமா ஆள் இல்லை. பதினெட்டு வருடமாகக் கல் குவாரியில் வெடி வைக்கிற வேலை. உரிமம் வைத்திருக்கிறேன். படத்தில் வெடி வந்தாலே வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், "இப்படித்தானா?" என்று.

பெரும்பாலும் இப்படி இல்லை. படத்தில் வருகிற ஆரஞ்சு நிற நெருப்புப் பந்து பெட்ரோல் மாதிரியான எரிபொருளால் வருவது. கேமராவுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று வைப்பது அது. எங்கள் வேலையில் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. சங்கு ஊதும், ஆட்கள் விலகுவார்கள், எல்லாம் அடங்கும். அப்புறம் பாறைச் சுவர் மூச்சு இழுத்த நெஞ்சு மாதிரி முன்னால் உப்பும். சத்தம் இன்னும் வந்திருக்காது. முதலில் காலுக்குத் தெரியும். பாறை வழியாக அதிர்வு காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வருகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை வினாடி கழித்துத்தான் காதுக்கு வரும். அதற்குள் கல் சரிந்து தூசி எழும்பியிருக்கும். தூசியும் சாம்பல் நிறம்தான்.

இதைச் சரியாகக் காட்டிய படம் ஒன்று உண்டு. 'தி ஹர்ட் லாக்கர்' (2008), இயக்கியவர் கேத்ரின் பிகலோ. ஆரம்பத்தில் குண்டு செயலிழக்கச் செய்கிற ஆள் கனமான கவச உடையோடு திரும்பி ஓடுவார். பின்னால் குண்டு வெடிக்கும். அப்போது தரையில் கிடக்கிற சரளை முழுவதும் ஒரே நேரத்தில் மேலே எழும்பும். பக்கத்தில் நிற்கிற பழைய காரின் மேலிருந்து துரு, தூசியெல்லாம் போர்வையை உதறின மாதிரி கிளம்பும். மிக அதிக வேகத்தில் படம்பிடிக்கும் கேமராவால் எடுத்திருக்கிறார்கள். நெருப்பு தொடாமலேயே அந்த ஆள் சாகிறார். கொல்வது காற்றழுத்தம். அந்தச் சரளை எழும்பியதைப் பார்த்தபோது தியேட்டரில் என் உள்ளங்கால் கூசியது. வேலையில் நான் தினமும் காலால் உணர்வதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிற காட்சி இருக்கிறதே, அதை என்னால் ரசிக்க முடிவதில்லை. வெடி வைத்தவன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தே ஆக வேண்டும். வெடிக்காமல் தங்கிப்போன வெடிமருந்துத் தோட்டா ஒன்று இருந்தால் அது அடுத்து வருகிறவனைக் கொல்லும்.

இரவுக்காட்சி:
அண்ணா, கடைசி இரண்டு வரிக்காகவே இந்த இழையைத் தொடங்கியது தகும்.

ஒலிமேசை:
நான் படங்களுக்கு ஒலி சேர்க்கும் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். தோட்டாக்காரர் அண்ணன் சொன்ன அந்த ஒன்றரை வினாடியைப் பற்றி எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடக்கும். தூரத்து வெடிப்பாக இருந்தாலும் வெளிச்சத்தோடு சத்தத்தையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். இல்லாவிட்டால் 'சிங்க் போச்சு', படமும் ஒலியும் சேரவில்லை என்று பார்வையாளர்கள் நினைப்பார்களாம்.

'ஓப்பன்ஹைமர்' (2023) வந்தபோது அந்த வாக்குவாதத்தில் எங்கள் பக்கம் ஜெயித்தது. 1945 ஜூலை 16 அன்று நடந்த, உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான ட்ரினிட்டியைக் காட்டும்போது வெளிச்சம் வருகிறது, நெருப்புத் தூண் எழுகிறது, சத்தம் மட்டும் இல்லை. மூச்சு விடுகிற ஓசைதான் கேட்கிறது. ஒரு நிமிடத்துக்கும் மேல் இப்படியே போகிறது. சத்தம் வராது என்றே நாம் நம்பத் தொடங்கும்போது வந்து அறைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஓப்பன்ஹைமர் இருந்த கட்டுப்பாட்டுப் பதுங்கறை 9 கிலோமீட்டர் தூரம், அரை நிமிடத்துக்குள் கேட்டிருக்கும். இயற்பியலாளர் ஃபைன்மன் லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த இடம் சுமார் 32 கிலோமீட்டர். அங்கே ஒன்றரை நிமிடம். ஆக, படத்தில் அந்த மௌனத்தை நீட்டியிருக்கிறார்கள், ஆனால் இல்லாத ஒன்றைச் சேர்க்கவில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) தொடக்கம். தியோ காபி வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வருகிறான். கொஞ்ச தூரம் நடந்து நின்று காபியில் மதுவை ஊற்றுகிறான். பின்னால் கடை வெடிக்கிறது. வெட்டே இல்லாமல் கேமரா புகையை நோக்கிப் போகிறது. ஒரு பெண் தன் துண்டான கையை இன்னொரு கையில் பிடித்தபடி வெளியே வருகிறாள். காதுக்குள் ஒரு கீச்சொலி தொடங்குகிறது. படத்தின் பெயர் வந்த பிறகும் அது நிற்பதில்லை. பிறகு ஜூலியன் அவனிடம் சொல்கிறாள்: அந்தக் கீச்சொலி காதுக்குள் செல்கள் சாகிற ஓசை, அது நின்றதும் அந்தச் சுருதியை இனி எப்போதும் கேட்க முடியாது. வெடிப்பு ஒருவனிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பதை இதைவிடச் சின்னதாக, இதைவிடக் கொடுமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அது இன்னும் ஆழமாகக் குத்தியது. அன்றிலிருந்து வேலை இடத்தில் ஹெட்ஃபோன் ஒலியளவைக் குறைத்துவிட்டேன்.

கடைசிப்பெஞ்சு:
'தி டார்க் நைட்' ஆஸ்பத்திரிக் காட்சியை யாரும் சொல்லவில்லையே? வெடி நடுவில் நின்றுபோய், ஹீத் லெட்ஜர் பதறாமல் ரிமோட்டைத் தட்டித் தட்டிச் சமாளித்தாராமே. அதுதானே பெரிய நடிப்பு!

பெருந்திரை:
அது வெறும் வதந்தி தம்பி. அந்த இடைவெளி முதலிலேயே திட்டமிட்டது என்று படக்குழுவே சொல்லியிருக்கிறது. நடிகர் பாதுகாப்பாக விலகிப்போக நேரம் வேண்டாமா? சிகாகோவில் மூடிக்கிடந்த ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையை ஆஸ்பத்திரி மாதிரி மாற்றி, அதை நிஜமாக இடித்தார்கள். இன்னொரு டேக்குக்கு வழியே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எதையும் தற்செயலுக்கு விட மாட்டார்கள்.

ஆனால் லெட்ஜரின் நடிப்புக்கு அதனால் ஒரு குறையும் வராது. திட்டமிட்ட இடைவெளியை எதிர்பாராதது போல நடித்துக் காட்டினாரே. நர்ஸ் உடையில், தோளைக் குலுக்கிக்கொண்டு, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, சத்தம் கேட்டதும் துள்ளி நடக்கிறாரே, அத்தனையும் ஒரே ஷாட்.

நிஜமாகவே தவறிப்போன கதை வேண்டுமென்றால் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966). ஸ்பெயின் ராணுவப் பொறியாளர்கள் கட்டித் தந்த பாலம். வெடிக்கிற மரியாதையை ஒரு ராணுவ கேப்டனுக்குக் கொடுத்திருந்தார்கள். யாரோ சொன்ன வார்த்தையைச் சமிக்ஞை என்று நினைத்து, கேமராக்கள் ஓடுவதற்கு முன்பே அவர் வெடித்துவிட்டார். ராணுவமே பாலத்தைத் திரும்பக் கட்டித் தந்தது. நாம் பார்ப்பது இரண்டாவது பாலம்.

மழைமறைவு:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தோட்டாக்காரர் அண்ணா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எனக்குப் பதினோரு வயதில் பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: எங்கள் வீட்டு ஜன்னல் திரை உள்பக்கமாக வந்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. விலக்கிப் பார்த்தால் அலமாரியிலிருந்து விழுந்த ஒரு தட்டு தரையில் சுழன்றுகொண்டிருந்தது. அது சுழன்று சுழன்று நிற்கிறவரைக்கும் வீட்டில் யாரும் நகரவில்லை. நின்ற பிறகுதான் அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டு அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அதனால் வெடிப்புக் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவேன். ஒரே ஒரு படத்தை மட்டும் எழாமல் பார்த்தேன். 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966), ஜில்லோ போன்டெகோர்வோ இயக்கியது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய விடுதலைப் போராட்டத்தின் கதை. மூன்று அல்ஜீரியப் பெண்கள் கண்ணாடி முன் நின்று தலைமுடியை வெட்டி, ஐரோப்பியப் பெண்கள் மாதிரி மாறுகிறார்கள். ஆளுக்கு ஒரு கூடை, அதற்குள் குண்டு. ஒருத்தி கஃபேயில் உட்கார்ந்து கூடையை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறாள். கேமரா அவள் பார்வையோடு போகிறது. பேசிச் சிரிக்கிற முகங்கள், ஐஸ்கிரீம் நக்குகிற ஒரு குழந்தை. அவளும் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். அந்தப் பெண்களின் மக்கள் பட்ட கொடுமையைப் படம் அதற்கு முன்பே காட்டிவிட்டது. ஆனாலும் அந்தக் குழந்தையின் முகத்தை அது மறைக்கவில்லை. வெடித்த பிறகு புகைக்குள்ளிருந்து வருகிறவர்கள் அதே ஆட்கள்தான்.

அந்தப் படத்தில் யாரையும் கூட்டம் என்று நினைத்து விட்டுவிட முடியவில்லை. நான் எழுந்து போகாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரவுக்காட்சி:
தோழி, எழுதியதற்கு நன்றி. அந்தத் தட்டை இனி என்னால் மறக்க முடியாது.

நீங்கள் சொன்ன குழந்தை முகம் எனக்கு ஹிட்ச்காக்கின் 'சபோடேஜ்' (1936) படத்தை நினைவுபடுத்தியது. ஒரு சிறுவன் கையில் பொட்டலம். உள்ளே குண்டு இருப்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். வெடிக்க வேண்டிய நேரம் 1:45. வழியில் வேடிக்கை பார்க்கிறான், நேரம் போகிறது. பஸ்ஸில் ஏறி ஒரு நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். பஸ் வெடித்துவிடுகிறது. பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது அதைத் தன் தவறு என்று ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி, தெரிந்தால் 15 நிமிடப் பதற்றம் என்று விளக்கியவரும் அவர்தான். அவ்வளவு பதற்றத்தையும் ஏற்றிவிட்டுக் குழந்தையைக் கொன்றதைப் பார்வையாளர்கள் மன்னிக்கவில்லை. எனக்கு மட்டும் அவர் வருந்தியிருக்க வேண்டாம் என்று படுகிறது. குண்டு அப்படித்தான், யார் கையில் இருக்கிறோம் என்று அது பார்க்காது.

ஒலிமேசை:
அதே வித்தையை ஆர்சன் வெல்ஸ் 'டச் ஆஃப் ஈவில்' (1958) தொடக்கத்தில் செய்தார். டைமரைத் திருகி குண்டைக் கார் டிக்கியில் வைக்கிறார்கள். அங்கிருந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட். கார் போகிறது, நிற்கிறது, கூட்டத்தில் மறைகிறது, திரும்ப வருகிறது. காரில் இருக்கும் பெண், தலைக்குள் டிக் டிக் என்று கேட்கிறது என்கிறாள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. முதலில் வெளியான பிரதியில் அந்த ஷாட்டின் மேல் படக்குழுவின் பெயர் எழுத்துகளும் ஹென்றி மான்சினியின் இசையும் ஓடும். 1998-இல் வெல்ஸின் குறிப்புகளை வைத்துச் சீர்செய்த பிரதியில் அவற்றை எடுத்துவிட்டு, தெருச் சத்தமும் கடைகளிலிருந்து வரும் பாட்டும் மட்டும் வைத்தார்கள். கார் நம்மைத் தாண்டும்போது அதன் ரேடியோவும் தாண்டிப்போகிறது. குண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காதாலேயே பின்தொடரலாம். இரண்டு பிரதியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

சின்னவீடுகட்டி:
மினியேச்சர்களையும், அதாவது வெடிப்பதற்காகக் கட்டுகிற சின்ன மாதிரிகளையும், யாராவது பேச வேண்டும். 'இண்டிபெண்டன்ஸ் டே' (1996) படத்தில் வெடித்த வெள்ளை மாளிகை நிஜ அளவில் 12-இல் ஒரு பங்கு. சின்னப் பொருள் விழுவதைச் சாதாரண வேகத்தில் எடுத்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். அளவின் வர்க்கமூலம்தான் கணக்கு: 12-க்கு ஏறக்குறைய மூன்றரை. அத்தனை மடங்கு வேகத்திலாவது கேமராவை ஓட்டினால்தான் துண்டுகள் நிஜக் கட்டடத்தின் கனத்தோடு விழும். வெடிப்புக்கு அதைவிடவும் கூட்டுவார்கள்.

தெரு நெடுக உருண்டு வருகிற நெருப்புச் சுவரை எடுத்த விதம் இன்னும் அழகு. மினியேச்சர் தெருவை அப்படியே செங்குத்தாக நிறுத்தி, கேமராவை மேலே வைத்து, கீழே வெடித்தார்கள். நெருப்பு தன் இயல்புப்படி மேலே ஏறியது. நமக்கு அது தெருவில் ஓடிவருகிற மாதிரி தெரிந்தது.

கடைசிப்பெஞ்சு:
நிஜமாகவே பெரியது எது?

பெருந்திரை:
ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்பெக்டர்' (2015). மொராக்கோ பாலைவனத்தில் 8,418 லிட்டர் மண்ணெண்ணெய், 33 கிலோ வெடித்தூள். கின்னஸ் சாதனை. இங்கே நான் இரவுக்காட்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். இந்த எண்கள் எனக்கு மனப்பாடம், ஆனால் அந்தக் காட்சியில் பாண்ட் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தோனியோனியின் 'சாப்ரிஸ்கி பாயிண்ட்' (1970) பாருங்கள். பாலைவனத்து மாளிகை ஒரு பெண்ணின் கற்பனையில் வெடிக்கிறது. 17 கேமராக்கள். ஒரே வெடிப்பு வெவ்வேறு கோணத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்புறம் பிங்க் ஃபிளாய்ட் இசையோடு குளிர்சாதனப் பெட்டி, துணிகள், புத்தகங்கள் எல்லாம் நீல வானத்தில் மிதக்கின்றன. அது அளவால்தான் தங்கியது. அத்தனை பொருளும் அவ்வளவு நேரம் மிதந்தால்தான் அவளுடைய கோபம் முழுசாக வெளியே வரும்.

தோட்டாக்காரர்:
பெரியது பெரியது என்று பேசும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். 1982 ஜூலை 23, 'ட்வைலைட் ஸோன்' படப்பிடிப்பு. இரவில் தாழப் பறந்த ஹெலிகாப்டரின் வாலைப் படத்துக்காக வைத்த வெடி தாக்கியது. ஹெலிகாப்டர் கீழே விழுந்து நடிகர் விக் மோரோவும் இரண்டு குழந்தை நடிகர்களும் இறந்தார்கள். சட்டப்படி அந்த நேரத்தில் அந்தக் குழந்தைகள் அங்கே இருந்திருக்கவே கூடாது. இயக்குநரும் மற்றவர்களும் 1987-இல் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. எங்கள் வேலையில் ஒரே ஒருவர் கைகாட்டவில்லை என்றாலும் வெடிக்கக் கூடாது. பெருந்திரை சொன்ன அந்தப் பாலத்தில் லீன் செய்தது அதுதான்.

நடுஇரவுப்பறவை:
வெடிக்காத குண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' (1998), தமிழில் எடுத்த படம். மல்லியாக ஆயிஷா தார்கர். உடம்பில் குண்டு கட்டிப் போகப் போகிற பெண், தன் வயிற்றில் ஒரு உயிர் இருப்பதை உணர்கிறாள். படம் முழுக்க அவள் முகத்துக்கு மிக அருகில் கேமரா. மூச்சு, வியர்வை, தண்ணீர்த் துளி. குண்டு வெடிப்பதைக் காட்டாமலேயே படம் முடிகிறது. அதே 1998-இல் வந்த 'தில் சே' காதலர்கள் தழுவிக்கொள்ள, வெடிப்போடு முடியும். எனக்கு முதலாவதுதான் கூடவே வருகிறது. மல்லி என்ன செய்தாள் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மழைமறைவு:
இரவுக்காட்சி, இன்று மதியம் 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' பார்த்தேன். புகையிலைக் காட்சி வருவது தெரிந்ததால் எழுந்து போகத் தயாராகத்தான் இருந்தேன். போகவில்லை.

ஆனால் எனக்குத் தங்கியது அதற்கு அடுத்தது. லாரி வெடித்த இடத்தில் பள்ளம். உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் கொட்டிப் பள்ளம் நிறைகிறது. செத்த இரண்டு பேருக்காக நிற்க நேரமில்லை, எண்ணெய் மட்டம் ஏறுவதற்குள் இவர்கள் லாரி அதைத் தாண்டியாக வேண்டும். ஜோ இறங்கி எண்ணெய்க்குள் நடந்து வழிகாட்டுகிறான். மரியோ நிறுத்தவில்லை. நிறுத்தினால் லாரி அங்கேயே சிக்கிவிடும். ஜோவின் கால் மேல் சக்கரம் ஏறுகிறது.

நீங்கள் அந்த விரல்களைப் பற்றி மட்டும் எழுதியிருந்தீர்கள். ஐந்தாவது தடவை பார்க்கும்போது அந்தப் பள்ளத்தையும் பாருங்கள்.

இரவுக்காட்சி:
இன்று இரவே பார்க்கிறேன்.